மறுமுனையைப் பிடித்தவள்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ‘எனக்கென்ன’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் இந்த முறை தனித்தனியாகக் கேட்கிறேன். பசி எடுக்கிறதா? முதுகுவலி எப்படி? படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், ஒரு விஷயமும் பேசி முடிவதில்லை. நமக்குக் கடிதம்தான் சரி.

நான் இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறேன் என்று கேட்டவர்களிடம் “என் தங்கச்சி ஆள் பிடிக்கிற வேலை பார்க்கிறா” என்று சொன்னாயாம். உண்மையில் அதுதான் வேலை. புற்றுநோய்க்கு வரும் புது மருந்துகளை, கடைக்கு வருவதற்கு முன்பு, நோயாளிகள் சம்மதித்துச் சாப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி இங்கே நடக்கிறது. அதற்கு நம் மொழி பேசுகிறவர்கள் யாருமே வருவதில்லை. அவர்களைக் கூட்டி வரத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு சின்ன அறை, ஒரு மேசை, எதிரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, அவ்வளவு கூட்டம்.

“உங்க ஆளுங்க ஏன் வரமாட்டேங்கிறாங்க?” என்று பெரிய டாக்டர் கேட்கிறார். விளக்கம் எல்லாம் தெரியாத மொழியில் இருக்கிறது, வேலை நேரத்தில்தான் வரச் சொல்கிறீர்கள், லீவு போட்டால் வேலை போய்விடும், எலிக்குக் கொடுக்கிற மாதிரி நமக்குக் கொடுப்பார்கள் என்று பயம் என்றெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். பிறகு அவர் சொன்ன ஒன்றுதான் என் மனத்தில் தைத்துவிட்டது. இந்த மருந்து நம் ஆட்களின் உடம்பில் எப்படி வேலை செய்யும் என்று யாருக்கும் தெரியாதாம். தெரியாமலே நாளைக்கு நமக்குக் கொடுப்பார்கள், அல்லது தெரியாது என்று சொல்லிக் கொடுக்காமலே விட்டுவிடுவார்கள்.

அக்கா, உன் பழைய மருந்து இனி கேட்காது என்று உன் டாக்டரே சொல்லிவிட்டார். இந்தப் புது மாத்திரை உன் வகைக் கட்டிக்குத்தான். எல்லோருக்கும் உண்மையான மாத்திரைதான், வெறும் மாவு யாருக்கும் கிடையாது. உங்கள் ஊர்க் கிளை ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பார்கள், மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்து இங்கே அனுப்புவார்கள். உன்னோடு வேலை செய்கிற அந்த அக்காவுக்கும் இதே நோய் என்றாயே, அவர்களையும் கூட்டிக்கொண்டு வா. எனக்கு இருப்பது நீ ஒருத்திதான். யோசித்துக்கொண்டே இருக்காதே.

உன் தங்கை


ஜனவரி 27

வக்கீலம்மாவுக்கு அக்கா எழுதுவது,

பசி: எடுக்கிறது. முதுகு: இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூச்சு: வாங்குகிறது, ஆனால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். போதுமா? நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே காலத்தை ஓட்டுகிறாயா?

சின்ன வயதில் என் பங்கு மிட்டாயையும் வக்கீல் மாதிரி பேசியே பிடுங்கிக்கொள்வாய். இப்போது என் உடம்பையே கேட்கிறாய். கேட்கிற விதத்தில் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் என் ஜோடிக்குப் படித்துக் காட்டினேன். ஜோடி என்றால் என்ன என்று நீ கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. எங்கள் லாண்டரிக்கு ஓட்டல்களிலிருந்து பெட்ஷீட் வரும். துவைத்து வந்ததை நாங்கள் மடிக்க வேண்டும். பெரிய ஷீட், ஒரு ஆளால் ஆகாது. நான் இரண்டு மூலையைப் பிடிப்பேன், அவள் எதிரே நின்று இரண்டு மூலையைப் பிடிப்பாள். உதறுவோம், நடந்து வந்து கையோடு கை சேர்ப்போம், மறுபடி பின்னால் போவோம். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில்கூட அவர் முகத்தை இவ்வளவு அருகில் இத்தனை தடவை பார்த்ததில்லை. ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்கும் அன்று வேலை இல்லை, வீட்டுக்குப் போ என்பார் சூப்பர்வைசர். அதனால் காய்ச்சல் வந்தால்கூட இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் வரவழைப்போம்.

நோயும் அப்படித்தான் வந்தது. அதே மார்பு, அதே பக்கம். யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தோமோ தெரியவில்லை. எங்களிடம் எதுவானாலும் பாதிப் பாதி. டீ ஒரு கிளாஸ் வாங்கினால் இரண்டு கிளாஸில் ஊற்றுவோம். ரொட்டியை அவள் பிய்ப்பாள், எந்தப் பாதி என்று நான் எடுப்பேன். சண்டை வராமல் இருக்க அதுதான் வழி.

எலி விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். “எலியா இருந்தா என்ன? ரெண்டு எலியாப் போவோம். ஒண்ணு பயந்தா இன்னொண்ணு பார்த்துக்கும்” என்றாள். ஆகையால் வருகிறோம். ஆனால் ஒன்று, அவள் இல்லாமல் நான் வரமாட்டேன். உன் பெரிய டாக்டரிடம் இதையும் எழுதிக்கொள்ளச் சொல்.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? பரிசோதனைக்கு நீங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி தலைக்குட்டை கட்டிக்கொண்டு வந்ததாகக் கிளையில் உள்ள நர்ஸ் சொன்னாள். நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

அக்கா, உன்னை எடுத்துக்கொண்டார்கள். உன் ஜோடியை எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறது அல்லவா, அதனால் கிட்னி கொஞ்சம் பழுதாகியிருக்கிறது. கிட்னி இந்த அளவுக்கு மேல் கெட்டிருந்தால் ஆராய்ச்சியில் சேர்க்கக்கூடாது என்று விதி. அவர்கள் அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டியிருக்கிறார்கள். பெரிய டாக்டரிடம் நான் வாதாடினேன். “எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்குச் சர்க்கரை. கதவைத் திறந்து வெச்சுட்டு வாசப்படியை உயர்த்திக் கட்டினா எப்படி டாக்டர்?” என்று கேட்டேன். அவர் நல்லவர்தான். விதி அவர் கையில் இல்லை என்றார்.

அவர்களிடம் போனில் நானேதான் சொன்னேன். வேறு யாராவது சொன்னால் தெரியாத மொழியில் சொல்வார்கள் என்று நானே சொன்னேன். “சரிம்மா, பரவால்ல. அக்காவையாவது நல்லா பார்த்துக்கோங்க” என்றார்கள்.

நீ எழுதியது நினைவிருக்கிறது. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், பின்வாங்காதே. நீ சாப்பிடாமல் இருந்தால் அவர்களுக்குக் குணமாகிவிடுமா? அம்மா போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. நீதான் என் தலையை உன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பார்க்க விடாமல் செய்தாய். இனி அப்படிப் பிடிக்க எனக்கு யாரும் இல்லை.

உன் தங்கை


மார்ச் 24

தங்கைக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாத்திரை வாங்கிவிட்டேன். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. நர்ஸ் பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். காலி அட்டைகளை மறுமாதம் திருப்பிக் கொண்டு வரச் சொல்கிறாள், அட்டை காலியாக இருந்தால் அவளுக்குச் சந்தோஷம்.

நீ போன் செய்த மறுநாள் அவள் வேலைக்கு வந்தாள். அழவில்லை. சூப்பர்வைசரை வழக்கம்போல் நையாண்டி செய்தாள். ஆனால் ஷீட்டை மடிக்க நாங்கள் நடந்து வந்து கை சேர்க்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு ஷீட்டுக்கும் மூடிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு என்ன தெரியுமோ, அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. டீயைப் பாதியாக ஊற்றிக் கொடுத்தேன், குடித்தாள்.

சில சந்தேகம். இந்த மாத்திரை குண்டானவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் ஒரே அளவுதானா? ஒரு வேளை தவறிவிட்டால் உயிருக்கு ஆபத்தா? கிட்னிக்காரர்களுக்கு ஆகாது என்றார்களே, அது எந்த அளவுக்கு ஆகாது, கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் ஆகாதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 11

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நீ மாத்திரை சாப்பிடுகிறாய் என்று உன் கையெழுத்திலேயே படிக்க வேண்டியிருந்தது எனக்கு. வாய்ப்புண், பேதி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் மறைக்காதே.

உன் சந்தேகங்களுக்கு வருகிறேன். வக்கீல் நானா நீயா என்று தெரியவில்லை, அவ்வளவு கேள்வி. எல்லோருக்கும் ஒரே அளவுதான். ஒரு வேளை தவறினால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வேளை வழக்கமான அளவையே சாப்பிட வேண்டும். மாத்திரையை உடைக்கக்கூடாது. கிட்னி விஷயத்தைப் பெரிய டாக்டரிடம் கேட்டேன். கிட்னி பழுதானவர்கள் உடம்பில் மருந்து சீக்கிரம் வெளியேறாமல் தங்குமாம், அதனால் அவர்களுக்குக் குறைந்த அளவே போதுமாக இருக்கலாம், ஆனால் அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அதுவரை கொடுக்கக்கூடாது என்றார். உன் ஜோடிக்கு அடுத்த ஆராய்ச்சி ஏதாவது வருமா என்று நான் விடாமல் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களிடம் சொல்.

இன்னொரு சந்தோஷம். நாற்காலி உறையைப் பிரித்துவிட்டேன். ஒரு வேன் டிரைவர் வந்தார், அவருடைய தங்கைக்கு நோய். கையைக் கட்டிக்கொண்டு, “எங்களை வெச்சுச் சோதனை பண்றீங்களா?” என்று முறைத்தார். நான் படித்துவைத்த விளக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, “என் கூடப் பிறந்த அக்காவே இதைத்தான் சாப்பிடுறா” என்றேன். கட்டிய கையை அவிழ்த்துவிட்டார். அவர் சொல்லி ஒரு பள்ளிக்கூட ஆயா வந்தார், அவர் சொல்லி இன்னொருவர். எல்லோரிடமும் அதையே சொல்கிறேன். நீ அங்கே ஷீட் மடித்துக்கொண்டு இங்கே ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறாய்.

உன் தங்கை


மே 29

வக்கீலம்மாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே வெயில் ஏறிவிட்டது, லாண்டரிக்குள் நாங்களே பாதி வெந்த பதத்தில் இருக்கிறோம்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் ஜோடிக்கு உடம்பு தேறி வருகிறது. நம்பமாட்டாய். போன மாதம் வரை ஈர ஷீட்டைத் தூக்கினால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். இப்போது கூடையையே இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துவிட்டு என் டப்பாவை எட்டிப் பார்க்கிறாள். அக்குளில் இருந்த கட்டி கைக்கு அகப்படவில்லை என்றாள். தையல் பிடித்த பழைய சட்டையைக் கொண்டுவந்து, “மெலிஞ்சப்போ இதைச் சின்னதாக்கி வெச்சிருந்தேன், இப்போ போட முடியல, நீ பிரிச்சுக் குடு” என்று என்னையே வேலை வாங்குகிறாள். சூப்பர்வைசர் நேற்று ஏதோ சொல்லப்போக, “உங்க வீட்டு ஷீட்டை நீங்க மடிச்சதுண்டா சார்?” என்று கேட்டுவிட்டாள். அந்த மனிதர் அந்தப் பக்கமே வரவில்லை. கூடம் முழுவதும் சிரிப்பு. நானும் சிரித்தேன், விலா பிடித்துக்கொண்டது.

முக்கியமான விஷயம், இப்போது கை சேர்க்கும்போது கண்ணை மூடுவதில்லை.

அவள் டாக்டரும் ஆச்சரியப்படுகிறாராம். பழைய மருந்துதான் தாமதமாகக் கேட்கிறது போலும் என்கிறாராம். இருக்கலாம்.

எனக்கென்ன, இருக்கிறேன். வேன் டிரைவரின் தங்கைக்கு எப்படி இருக்கிறது? அந்தப் பெண்ணை மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடச் சொல்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை, அதனால் நலம் என்று எழுதவில்லை.

உன் ஸ்கேன் வந்துவிட்டது. நர்ஸ் உன்னிடம் சொல்லியிருப்பாள், நீ என்னிடம் சொல்லவில்லை. கட்டி வளர்ந்திருக்கிறது, ஈரலுக்கும் போயிருக்கிறது. ‘எனக்கென்ன, இருக்கிறேன்’ என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? இரண்டு பக்கம் உன் ஜோடியைப் பற்றி, ஒரு வரி உன்னைப் பற்றி.

இன்னொன்றும் இருக்கிறது. மாதாமாதம் உன் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. நேற்று டாக்டர்கள் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டார்கள். உன் பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஆனால் அது நீ என்று எனக்குத் தெரியும். நம் ஆட்களில் முதலில் சேர்ந்தவள் நீ, இத்தனை மாத ரத்தம் இருப்பது உன்னுடையது மட்டும்தான். அதை வைத்து ஒரு டாக்டர், “இவங்க உடம்புல இந்த மருந்து தங்காது போலிருக்கு. இவங்களைச் சேர்க்கிறதை இப்போதைக்கு நிறுத்திடலாமா?” என்று கேட்டார். பெரிய டாக்டர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அப்படி ஒரு வரி எழுதிவிட்டால் அதை அழிக்க எத்தனை வருஷம் ஆகுமோ. டிரைவரின் தங்கைக்கும் நாளை வரப்போகிற எல்லோருக்கும் அந்த வரிதான் பதிலாக இருக்கும்.

நேராகக் கேட்கிறேன். மாத்திரை வாந்தியில் வெளியே போகிறதா? கசக்கிறது என்று விட்டுவிடுகிறாயா? முழுதாகச் சாப்பிடுகிறாயா இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதினால் போதும். வேறு எதையும் எழுதாதே.

உன் தங்கை


ஆகஸ்ட் 17

தங்கச்சிக்கு உங்கள் அக்காவின் ஜோடி எழுதிக்கொள்வது,

நான் நல்லபடியாக இருக்கிறேன், அது உங்கள் புண்ணியம். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு முடியவில்லை. போன வாரத்திலிருந்து ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருக்கிறாள். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். நான் சத்தியத்தை மீறி எழுதுகிறேன். உங்கள் ஜூன் மாதக் கடிதம் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பதில் எழுதக் காகிதம் கேட்பாள், கொடுத்தால் அப்படியே வைத்துவிடுவாள்.

உங்களிடம் நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். என்னைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று நீங்கள் போனில் சொன்னபோது, நீங்களும் அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன். பிறகு நீங்கள் யாருக்கும் தெரியாமல் எனக்குத் தனியாக மாத்திரை அனுப்பிவைத்ததை அக்கா சொன்னாள். தினமும் டீ நேரத்தில் காகிதத்தில் மடித்துக் கொடுப்பாள். “தங்கச்சி உனக்குன்னு அனுப்புறா. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே, அவ வேலை போயிடும்” என்பாள். என் டாக்டரிடம்கூட நான் சொல்லவில்லை. முகம் பார்க்காத எனக்காக உங்கள் வேலையைப் பணயம் வைத்தீர்கள். கூடப் பிறந்தவர்கள்கூடச் செய்யமாட்டார்கள்.

ஆனால் பாருங்கள், அக்கா முழு அளவு சாப்பிட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சத்திலேயே கேட்டுவிட்டது. என் உடம்புக்கு வெட்கமே இல்லை. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நல்ல பசியோடு உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு ஏற்பாடு செய்த மாதிரி உங்கள் அக்காவுக்கும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏற்பாடு செய்ய முடியாதா?

இப்படிக்கு,
ஜோடி


ஆகஸ்ட் 22

அக்கா,

உன் ஜோடி எனக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கிறார்கள்.

அதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். உன்னை என்ன செய்வது? என்னிடம் மிட்டாயைக் கொடுத்துவிட்டு ‘நான் சாப்பிட்டாயிற்று’ என்று சொல்வாய், நானும் நம்புவேன். இத்தனை வயதாகியும் அதையே நம்பியிருக்கிறேன். உன் மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு உன்னை உலுக்க வேண்டும் போலிருக்கிறது, உலுக்கவும் உன் உடம்பில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

அவர்களை நான்தான் வேண்டாம் என்றேன். நீ என் பெயரைச் சொல்லி அதைச் சரிசெய்திருக்கிறாய். அப்படித்தானே?

இன்று டிரைவர் வந்தார். போகும்போது, “உங்க அக்கா எப்படிம்மா இருக்காங்க?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நான் வருவதற்குள் எங்கேயும் போய்விடாதே.


ஆகஸ்ட், தேதி நர்ஸைக் கேட்க வேண்டும்

என் வக்கீலுக்கு,

நீ வந்துகொண்டிருப்பாய். நேரில் பேசினால் அழுதுவிடுவோம், அதனால் எழுதி வைக்கிறேன். வலி இப்போது பரவாயில்லை, ஊசி போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் ஏதாவது சாப்பிட்டாயா?

ஆம் அல்லது இல்லை என்று கேட்டாய். இல்லை.

கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. நான் பெரிதாக யோசித்து ஒன்றும் செய்யவில்லை. முதல் நாள் அட்டையைப் பிரித்தபோது எதிரே அவள் டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதிப் பாதி எங்கள் பழக்கம். கை தானாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. உன் ஜூன் கடிதம் வந்ததும் பயந்துபோய் ஒரு வாரம் நானே முழுதும் சாப்பிட்டேன். டீ நேரத்தில் அவள் கையை நீட்டுவாள். தங்கச்சி இந்த வாரம் அனுப்பவில்லை என்றேன். “பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ” என்று உனக்காக வருத்தப்பட்டாள். மறுநாள் கை சேர்க்கும்போது மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

சாக எனக்கு ஆசை இல்லை, அப்படி நினைத்துவிடாதே. பாதி சாப்பிட்டால் இரண்டு பேருக்கும் பாதி குணமாவது ஆகும், அப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எனக்குக் கணக்கு எப்போதுமே வராது.

ஆனால் ஒரு தப்பு செய்துவிட்டேன். என் உடம்பு என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். என் ரத்தத்தை வைத்து நம் ஜனங்களுக்கே தீர்ப்பு எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், நீ முதல் கடிதத்திலேயே சொன்னாய், எனக்குத்தான் ஏறவில்லை. ஆகையால் உன் பெரிய டாக்டரிடம் சொல்லிவிடு. உடம்பில் மருந்து தங்காமல் இல்லை, அந்தப் பொம்பளை பாதிதான் சாப்பிட்டாள் என்று சொல். ஏமாற்றிவிட்டாள் என்றுகூடச் சொல், பரவாயில்லை. நம்பாவிட்டால் என் ஜோடியைக் கூப்பிட்டு அவள் ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல். அவளும் நம் ஆள்தான். கிட்னியும் பழுதுதான். தங்கியிருக்கிறதா இல்லையா என்று பார்க்கட்டும்.

அவளிடம் மட்டும் சொல்லாதே. தெரிந்தால் விழுங்கியதெல்லாம் அவள் தொண்டையிலேயே நின்றுவிடும். நீ அனுப்பியதாகவே இருக்கட்டும். அந்த நன்றியை நீ வாங்கிக்கொள்.

டிரைவர் கேட்டால் அக்கா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அதனால் கேட்கவில்லை என்று உள்ளதைச் சொல். இல்லாவிட்டால் அவர் தங்கை பயந்து மாத்திரையை நிறுத்திவிடப் போகிறாள்.

பஸ் வந்திருக்கும். காகிதத்தை மடிக்கிறேன்.

அக்கா


நவம்பர் 6

அன்புள்ள ஜோடி அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது? புது ஜோடியாக வந்திருக்கும் பெண் மூலையை ஒழுங்காகப் பிடிக்கிறாளா?

உங்கள் ஆகஸ்ட் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். அக்கா போன அன்று நீங்கள் கட்டிலின் அந்தப் பக்கம் இருந்தீர்கள், நான் இந்தப் பக்கம். எல்லாம் முடிந்த பிறகு கட்டிலில் கிடந்த ஷீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போக உங்களுக்கு மனம் வரவில்லை. நான் மறுமுனையைப் பிடித்தேன், தப்பாகப் பிடித்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் என் விரலை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தீர்கள். பிறகு நடந்து வந்து கை சேர்த்தோம். அக்கா எவ்வளவு அருகிலிருந்து உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் மேல் அவளுக்கு இருந்த பாசம் போக மீதிதான் உங்களுக்கு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அதில் எனக்கு இப்போது வருத்தமும் இல்லை.

பெரிய டாக்டரிடம் நான் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். நம் ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தவில்லை. டிரைவரின் தங்கையின் ரத்தத்தில் மருந்து நன்றாகத் தங்கியிருக்கிறது, கட்டியும் சுருங்கியிருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் உங்கள் ரத்தத்தை எடுத்தார்கள் அல்லவா, அதைப் பார்த்த பிறகு கிட்னி பழுதானவர்களுக்குக் குறைந்த அளவு கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி தொடங்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். அதுவரை உங்களுக்குத் தனி அனுமதி வாங்கி, உங்கள் பெயரிலேயே மாத்திரை வரும். இனி டீ நேரத்தில் ஒளித்துச் சாப்பிட வேண்டாம். நீங்கள் இந்த மாத்திரை சாப்பிட்டதை உங்கள் டாக்டரிடமும் சொல்லியாகிவிட்டது. என் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

நீங்கள் எனக்குச் சொன்ன நன்றியைத் திருப்பித் தர முடியாது, வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தீர்கள். அக்காவுக்கும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏற்பாடு செய்ய முடியாதா என்று. அதற்குப் பதில் எழுதத் தெரியாமல்தான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை அக்கா. இருந்ததையெல்லாம் கொடுத்தாகிவிட்டது.

வேளை தவறாமல், யாருக்கும் பங்கு வைக்காமல், முழுதாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கச்சி